புள்ளி நான்கு வீதம் தார்

அந்த பஸ் தரிப்பிடத்தில் 3 மீற்றர் நேர்ச்சட்டத்தை வீதிக்குக் குறுக்காக வைத்தபோது, சட்டத்துக்கும் தாருக்கும் இடையில் என் சுண்டுவிரல் முழுதாக நுழைந்தது. இடைவெளி அளக்கும் ஆப்பைச் செருகிப் பார்த்தேன். 18 மில்லிமீற்றர். காப்பெட் எனப்படும் தார்க்கலவைத் தளம் போட்டு 14 மாதங்கள்தான் ஆகியிருந்தன. அது 2018 மே மாதம், காண்டாவனம் என்ற உச்ச வெயில் காலம் தொடங்கிய வாரம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சந்தை வாசல் அது. பகல் முழுவதும் பஸ்கள் நின்று ஆள் ஏற்றும். இரவில் மரக்கறி ஏற்றிய லொறிகள் விடியும்வரை அங்கேயே கிடக்கும். "மழை வந்தால் இது வாய்க்கால்தான். பஸ் வந்து நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பெல்லாம் சேறு" என்று தேநீர்க்கடை அம்மா என்னிடம் முறையிட்டார். நான்தான் அந்த வீதியின் தார்க்கலவையை வடிவமைத்தவள் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நாம் தார் என்று சொல்வது இப்போது நிலக்கரித் தார் அல்ல. பெற்றோலியத்தில் இருந்து வரும் பிற்றுமின். ஊர் வழக்கப்படி நானும் தார் என்றே எழுதுகிறேன். அதற்கு நேரம் தெரியும். சட்டென்று அடித்தால் கல்லைப்போல எதிர்த்து நிற்கும். பொறுமையாக அழுத்தினால் சர்க்கரைப் பாணியைப்போல விலகிக்கொடுக்கும். ஓடும் பஸ் ஓர் இடத்தை அழுத்துவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டுமே. நிற்கும் லொறியோ இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கிறது. மே மாதத்து நடுப்பகலில் எங்கள் வீதிகளின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் தார் இளகி, கற்கள் ஒன்றை ஒன்று தள்ளி நகர, சில்லு போகும் இடம் தாழ்ந்து அதன் இரு கரையும் மேடாகும். இதைத்தான் சில்லுத்தடம் என்கிறோம்.

எனக்கு அப்போது தெரிந்த மருந்து ஒன்றுதான்: தாரைக் குறை. கலவையின் எடையில் 4.9 வீதமாக இருந்த தாரை 4.5 வீதமாக்கினேன். ஆய்வுகூடத்து எண்களும் என்னைப் பாராட்டின. மார்ஷல் உறுதி, அதாவது கலவை தாங்கும் உச்ச விசை, 11 கிலோநியூட்டனில் இருந்து 13க்கு ஏறியது. பாய்வு, அதாவது அப்போது அது நசியும் அளவு, 3.4 மில்லிமீற்றரில் இருந்து 2.3க்கு இறங்கியது. கலவைக்குள் எஞ்சும் காற்றுவெளி 4.1 வீதத்தில் இருந்து 5.4 ஆனது. வேலைக்கான தர நிபந்தனைகளைச் சொல்லும் விவரக்கூற்றில், ஆய்வுகூடத்தில் அமுக்கிய கலவைக்கு 3 முதல் 5 வரை என்றிருந்தது. தடம் விழுந்த வீதிக்கு இந்தச் சின்ன மீறல் பரவாயில்லை என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். தரிப்பிடத்துத் துண்டைச் சுரண்டி மறுபடி போட்டதும் இந்தக் கலவையால்தான். மீதி 4 கிலோமீற்றரைப் போட்டதும் இதே கலவையால்தான்.

அதற்குப்பின் தடம் விழவில்லை. இரண்டு காண்டாவனம் கடந்தது. நேர்ச்சட்டம் வைத்த இடமெல்லாம் 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை. நிம்மதியாக இருந்தேன்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. மழை கொட்டித் தீர்த்து, யாழ்ப்பாணத்தில் பாதி ஒழுங்கைகள் குளமாயின. வெள்ளம் வடிந்தபிறகு அந்த வீதியில் போனேன். சில்லு போகும் பாதையில் முதலில் மெல்லிய கோடுகள். அடுத்த வாரம் அவை ஒன்றோடு ஒன்று பின்னி முதலைத்தோல்போல ஆகியிருந்தன. வெடிப்பின் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு கசிவு காய்ந்து கிடந்தது. பஸ் போகும்போது அடியில் தேங்கிய நீர் பிதுங்கி, கூடவே தூளையும் மேலே கொண்டுவருகிறது என்று அதற்குப் பொருள். அந்த மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, திருவெம்பாவைப் பூசைக்குப் போன ஒரு தாய் புதிதாக விழுந்த கிடங்கில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து கை முறிந்துவிட்டது. நான் அவரைப் பார்க்கப் போனேன். பழங்கள் கொண்டுபோனேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

ஜனவரியில் வீதியைத் துளைத்து மாதிரிகள் எடுத்தோம். வெட்டியெடுத்த உருளை ஒன்றைக் கையில் எடுத்தபோதே உள்ளங்கையில் துகள்கள் உதிர்ந்தன. உள்ளே கறுப்பாக இருக்கவேண்டிய இடம் மங்கிய கபில நிறமாக இருந்தது. அடிப்பக்கத்தில் கற்கள் தாரில்லாமல் மொட்டையாகப் பளபளத்தன. நிறுத்துப் பார்த்தால் காற்றுவெளி 9 வீதம். தார் குறைந்த கலவை வீதியை அமுக்கும் உருளை இயந்திரத்துக்கு மசியாது. என்ன அழுத்தினாலும் வெளி மிஞ்சும். அவ்வளவு வெளி இருந்தால் துவாரங்கள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்ளும். அதற்குள் காற்றுப் போகும். காற்றுப் போனால் ஏற்கெனவே மெலிந்திருந்த தார்ப்படலம் கிழடாகும், இறுகும், நொறுங்கும். பிறகு தண்ணீர் போகும். நாம் போடும் கல் வன்னியில் இருந்து வரும் கருங்கல். சிலிக்கா நிறைந்த அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம். இடம் கிடைத்தால் தாரை உரித்துவிட்டுத் தண்ணீரைப் போர்த்திக்கொள்ளும். எங்கள் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லோ தாரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது மென்மையான கல். மேல்தளத்தில் போட்டால் ரயர் தேய்த்துத் தேய்த்து வழுக்கப் பண்ணிவிடும். இரண்டு கல்லின் குணமும் ஒரே கல்லில் இருந்திருக்கலாம் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

அன்றிரவு உருளையின் ஒரு துண்டை அப்பாவிடம் காட்டினேன். அவர் வீதி ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். சுண்ணாம்புக்கல் பரப்பி, பீப்பாவில் தார் காய்ச்சி, வாளியில் ஊற்றிச் சல்லி தூவிய காலத்து மனிதர். நீலப்புகை வந்தால் தார் கருகுகிறது, வெள்ளைப்புகை வந்தால் கல் ஈரம் என்று எனக்குப் பத்து வயதிலேயே சொல்லித்தந்தவர். துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். "தார் கூடினால் நெளியும், குறைந்தால் வெடிக்கும். நெளிந்ததைப் பார்த்துப் பயந்து வெடிக்க வைத்திருக்கிறாய், பிள்ளை" என்றார். கோபமில்லை, அவ்வளவுதான் சொன்னார்.

இவ்வளவு தெளிவான விஷயத்தை என் ஆய்வுகூடம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

மார்ஷல் முறையை நாங்கள் பல்கலைக்கழகத்தில் வேதம்போலப் படித்தோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் புரூஸ் மார்ஷல் 1939 அளவில் உருவாக்கியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவப் பொறியியல் படை விமான ஓடுபாதைகளுக்காக எடுத்து வளர்த்தது. எங்கள் பலாலி விமானத்தளத்தை வெள்ளைக்காரர் அமைத்ததும் அதே போர்க்காலத்தில்தான். கனத்த விமானங்களின் சில்லு புதையக்கூடாது. அதுவே அன்றைய கவலை. சோதனையும் அந்தக் கவலைக்கு ஏற்றதுதான். 1,200 கிராம் அளவு கலவையை அச்சில் இட்டு, நாலரைக் கிலோச் சுத்தியலால் பக்கத்துக்கு 75 அடி அடித்து, 60 பாகைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் வேகத்தில் நசுக்குகிறோம். எவ்வளவு தாங்கியது என்பது உறுதி. உச்சத்தை எட்டும்போது எவ்வளவு நசிந்தது என்பது பாய்வு. கேள்வி 60 பாகையில் மட்டுமே கேட்கப்படுகிறது. கலவையும் புதுக் கலவை. அது இறுகிக் கிழடானபின், மழைக்காலக் காலையில், இழுபட்டால் என்ன ஆகும் என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? நான் தாரைக் குறைத்தபோது உறுதி ஏறியதைக் கண்டு மகிழ்ந்தேனே, அந்த ஏற்றத்திலேயே வெடிப்பும் ஒளிந்திருந்தது.

தம்பி ரொறன்ரோவில் ஒரு தார்க்கலவை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறான். அங்கே கவலை தலைகீழ். தெற்கு ஒன்ராறியோவில் வழக்கமாகப் போடும் தாரின் தரம் 58-28. கோடையில் வீதி 58 பாகை வரை சூடானாலும் குளிரில் சைபருக்குக் கீழே 28 வரை போனாலும் தாக்குப்பிடிக்கவேண்டும் என்பது அந்த எண்களின் பொருள். குளிரில் சுருங்கி வெடிக்கும் வீதி எங்களுக்குக் கிடையாது. அதனால் வெடிப்பு என்பது கனடாக்காரரின் பிரச்சினை என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். எங்கள் வெடிப்பு வெயிலில் இருந்து வருகிறது. வெயில் தாரைக் கிழடாக்குகிறது, மழை அதை அம்பலப்படுத்துகிறது.

"அக்கா, இதே கூத்து அமெரிக்காவிலேயே நடந்தது" என்று அவன் தொலைபேசியில் சொன்னான். தொண்ணூறுகளில் அங்கே சில்லுத்தடத்துக்கு எதிராகப் பெரும்போர். 1987 முதல் 1993 வரை நடந்த ஆராய்ச்சித் திட்டத்தில் இருந்து சூப்பர்பேவ் என்ற புதிய வடிவமைப்பு முறை பிறந்தது. சுத்தியலுக்குப் பதிலாக, வீதி உருளை பிசைவதுபோலச் சாய்த்துச் சுழற்றி அழுத்தும் பொறி வந்தது. தடம் குறைந்தது. ஆனால் பல இடங்களில் கலவை தார் போதாமல் வறண்டு வெடிக்கத் தொடங்கியது. அதன்பிறகுதான் தடம், வெடிப்பு என்ற இரண்டு கேள்வியையும் ஒரே கலவையிடம் கேட்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சமநிலைக் கலவை வடிவமைப்பு என்று அதைச் சொல்லலாம். 2020இல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் அதற்கென்று ஒரு நடைமுறையையே வெளியிட்டது.

தடத்துக்கான கேள்வியை ஹம்பேர்க் சில்லுச் சோதனை கேட்கிறது. ஜேர்மனியில் பிறந்தது. 50 பாகைத் தண்ணீருக்குள் மூழ்கிய கலவைமீது 705 நியூட்டன் சுமையுள்ள இரும்புச் சில்லு முன்னும் பின்னும் ஓடும். எத்தனை ஆயிரம் ஓட்டத்தில் 12.5 மில்லிமீற்றர் பள்ளம் விழுகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீரில் தார் உரிவதையும் அது சேர்த்தே காட்டிக்கொடுக்கும். அந்தப் பொறி எங்களிடம் இல்லை. அதை வாங்கக் கேட்கும் துணிவும் எனக்கு இருக்கவில்லை.

வெடிப்புக்கான கேள்வி வேறு கதை. அதற்காகவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். டெக்சாஸில் உருவான ஒரு சோதனை இருக்கிறது. உருளைத் துண்டைப் படுக்கவைத்து, மேலும் கீழும் ஒடுங்கிய பட்டிகளுக்கு இடையில் வைத்து, 25 பாகையில், நிமிடத்துக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் பிளப்பது. அந்த வேகத்தைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் மார்ஷல் பொறியின் வேகமும் அதுதானே! பட்டி இரண்டையும் சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் கடைந்து எடுத்தோம். விசையையும் இடப்பெயர்ச்சியையும் ஒவ்வொரு கணமும் பதிய ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினோம். முறைப்படி துண்டின் விட்டம் 150 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். எங்கள் அச்சு 100தான். ஆகவே மற்றவர்களின் எல்லை எண்களோடு எங்கள் எண்ணை ஒப்பிடமுடியாது. எங்கள் கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். எனக்கு அது போதும்.

இந்தச் சோதனையில் உச்சவிசை முக்கியமே இல்லை. உச்சத்தைத் தாண்டியபின் வளைகோடு எப்படி இறங்குகிறது என்பதுதான் எல்லாம். வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, பிளக்கச் செலவான சக்தி. உச்சத்தின் முக்கால் பங்குக்கு விசை இறங்கும் இடத்தில் சரிவு எவ்வளவு செங்குத்து, அதற்குள் துண்டு எவ்வளவு விரிந்துகொடுத்தது என்பவற்றையும் சேர்த்து ஓர் எண் வரும். சக்தியும் விரிவும் கூடினால் எண் கூடும். சரிவு செங்குத்தானால் குறையும். எனது பெருமைக்குரிய 4.5 வீதக் கலவை, பழைய கலவையைவிட உயரமாக ஏறி, பிறகு மலையில் இருந்து கல் விழுவதுபோல விழுந்தது. அதன் எண் பழைய கலவையின் பாதிகூட இல்லை. அந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். தடம் இளமையின் நோய், வெடிப்பு முதுமையின் நோய். புதுத் தார் மெத்தென்று இருக்கும் முதல் இரண்டு மூன்று வெயிலில் தடம் விழும். தார் இறுகியபின் வெடிக்கும். ஆகவே தடத்துக்குப் புதுக் கலவையையும் வெடிப்புக்குக் கிழட்டுக் கலவையையும் சோதிக்கவேண்டும். அமுக்கிய துண்டுகளை 85 பாகை அடுப்பில் ஐந்து நாள் வைத்துக் கிழடாக்குவது வழக்கம். 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்ட நாட்களில், ஐந்து நாள் தொடர்ச்சியாக அடுப்பு எரிவது எங்கே? "மிஸ், திரும்பவும் போய்விட்டது" என்று ஆய்வுகூட உதவியாளர் இருட்டில் குரல்கொடுப்பார். துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவோம். தாருக்கும் டொலர் இல்லாமல் வேலைகள் நின்றிருந்த ஆண்டு அது. அதனால் நேரம் மட்டும் நிறைய இருந்தது. தடத்துக்கு, அதே பட்டிகளால், ஆனால் 50 பாகைத் தண்ணீரில் ஊறிய புதுத் துண்டுகளைப் பிளந்தோம். சூட்டில் பிளவுறுதி கூடிய கலவை தடத்துக்கும் நன்றாக நிற்கும் என்பது பலரும் கண்ட உண்மை.

இனி மருந்து. தாரைக் கூட்டினால் வெடிப்பு நிற்கும், தடம் திரும்ப வரும். அப்பா சொன்ன இருதலைக்கொள்ளி. அதிலிருந்து வெளியேறும் வழி தாரில் இல்லை, கல்லில் இருந்தது. எங்கள் பழைய கலவையில் 12 வீதம் இயற்கை மணல். காற்றும் அலையும் உருட்டி உருட்டி மழுக்கிய மணிகள். சைக்கிள் அச்சில் இருக்கும் குண்டுமணிபோலக் கல்லுக்கு இடையில் நின்று உருளும். 2018இல் தடம் விழ முதற்காரணம் அதுதான், கூடுதல் தார் அல்ல. நான் குற்றவாளியை விட்டுவிட்டு அப்பாவியைத் தண்டித்திருந்தேன். மணலை முழுதாக நீக்கி, உடைத்த கருங்கல்லின் கூர்முனைத் தூளைப் போட்டோம். அதில் இருந்த மிக நுண்ணிய தூசியைச் சலித்துக் குறைத்தோம். தூசி மிஞ்சினால் அது தாரைக் குடித்துத் தடித்த பசையாகி வெடிப்பை வரவழைக்கும். இரண்டு மாற்றத்தாலும் கற்களுக்கு இடையிலான மொத்த வெளி 14.7 வீதத்தில் இருந்து 15.2 ஆனது. அரை வீதம்தான். அந்த அரை வீதக் கூடுதல் இடத்தால் 5.2 வீதம் தார் வசதியாகக் குடியேறி, காற்றுக்கும் 4 வீதம் மிச்சம் விட்டது. கூர்க்கற்கள் ஒன்றை ஒன்று கவ்விச் சுமையைத் தாங்க, தார் தன் வேலையான ஒட்டுவதையும் நீள்வதையும் மட்டும் பார்த்துக்கொண்டது. நிரப்பித் தூளில் ஒரு பகுதிக்குப் பதிலாக நீறிய சுண்ணாம்பு சேர்த்தோம். கருங்கல் தாரை உரித்துவிடாமல் அது தடுக்கும்.

சூட்டுப் பிளவில் இந்தக் கலவை முன்னைய இரண்டையும் வென்றது. ஐந்து நாள் கிழடாக்கியபின் 25 பாகைப் பிளவில் உச்சம் கொஞ்சம் தாழ்வு, இறக்கம் நீண்ட சாய்வு. முதல்முறை அந்தக் கோட்டைக் கண்டபோது கண் கலங்கியது உண்மை.

அம்மா பொரிவிளாங்காய் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதி விளங்கும். பாகு முறுகினால் கல்லாகும், இளகினால் உருண்டை தட்டையாகும். பாகின் பதமே வேறாக இருந்தால்? ரப்பர்போன்ற பொலிமர் கலந்த தார் அப்படிப்பட்டது. சூட்டிலும் நெளியாது, இறுகியும் நொறுங்காது. விலை கூட, பதப்படுத்தும் சிரமமும் கூட. நாங்கள் கையில் இருந்த, 60/70 என்ற தரத்துச் சாதாரணத் தாரோடுதான் நின்றோம். லொறிகள் இரவெல்லாம் நிற்கும் இடத்துக்காவது அது கிடைக்கவேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2024 ஆடியில் 200 மீற்றர் பரீட்சார்த்தத் துண்டு போட அனுமதி கிடைத்தது. அதே சந்தை வாசலில். ஆடி என்றால் சோளகம். 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள காப்பெட்டின் மேல் அந்தக் காற்று வீசினால், கண் முன்னாலேயே சூடு இறங்கும். லொறிகளுக்கு இரட்டைப் படங்கு கட்டினோம். பிளான்டை விட்டு 155 பாகையில் புறப்பட்ட கலவை 147இல் வந்து சேர்ந்தது. வெப்பமானியைக் குத்திவைத்துக்கொண்டு நான் உருளைக்குப் பின்னாலேயே நடந்தேன். "தங்கச்சி, வெயிலில் நில்லாதீர்கள், சூடு 95க்கு இறங்க முன்னம் முடித்துத் தருவேன்" என்றார் உருளை ஓட்டிய ஐயா. முடித்தும் தந்தார். மறுநாள் எடுத்த துளை மாதிரியில் காற்றுவெளி 6.3 வீதம். பழைய துளையின் 9 எங்கே, இது எங்கே!

மாலையில் அப்பாவை ஓட்டோவில் கூட்டிவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்காலால் அழுத்திப் பார்த்தார். "ஒரு காண்டாவனமும் ஒரு மாரியும் போகட்டும், பிள்ளை" என்றார்.

இரண்டும் போய்விட்டன. வெள்ளை வர்ணத்தால் குறியிட்ட ஆறு இடங்களில் சென்ற வாரம் நேர்ச்சட்டம் வைத்தேன். ஆழமான வாசிப்பு 4 மில்லிமீற்றர், லொறிகள் நிற்கும் கரையில். வெடிப்பைத் தேடி விடியற்காலையில், பனி ஈரம் காயும் நேரத்தில் குனிந்து நடந்தேன். மெல்லிய வெடிப்பில் ஈரம் கடைசியாகத்தான் காயும் என்பதால் அதுவே பார்க்க நல்ல நேரம். ஒரு கோடும் தெரியவில்லை. தேநீர்க்கடை அம்மா எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். இந்த முறை சொன்னேன்: இந்த வீதிக்குக் கலவை வடிவமைத்தவள் நான், முதலில் பழுதாகப் போட்டவளும் நான்தான் என்று. அவர் ஒரு தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "மழைக்கும் வந்து பார் மகள்" என்றார். ஐப்பசியில் போவேன்.